அபிசீனியப் போர்ப் பதக்கம் 1868: படிக்க, சோதிக்க, பேண ஒரு வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஒன்று கையில் வந்தால், அதைப் பெற்றவரின் பெயரைப் பெரும்பாலும் விளிம்பில்தான் தேட வேண்டும். வட்டத்தின் தடிப்பில், பொடி எழுத்தில், எண்ணும் பெயரும் படைப்பிரிவும் ஓடும். அபிசீனியப் பதக்கம் இதற்கு விலக்கு. இதில் பெயர் பின்பக்கத்தின் நட்டநடுவில், இலைமாலைக்குள், ராணியின் உருவத்துக்குச் சமமான இடத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் விக்டோரியா, பின்பக்கத்தில் ஒரு சிப்பாய் அல்லது மாலுமி. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தச் சின்ன வட்டத்தைப் பற்றியதுதான். பதக்கத்தை யாருடையது என்று சொல்வதும், அசலா என்று காட்டிக்கொடுப்பதும், தேய்த்தால் முதலில் அழிந்துபோவதும் அதுவே.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எத்தியோப்பியாவுக்கு அன்றைக்கு அபிசீனியா என்று பெயர். அதன் பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ் பிரிட்டிஷ் தூதர் கேமரனையும் வேறு ஐரோப்பியர்களையும் சிறைவைத்தார். விக்டோரியாவுக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமல் போனதும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். அவர்களை மீட்கப் போன பிரிட்டிஷ் தூதுவர் ரசாமும் சிறைப்பட்டார். பிறகு பம்பாயிலிருந்து படை கிளம்பியது. தலைமை சர் ராபர்ட் நேப்பியர். 1867 அக்டோபரில் முன்னணிப் பிரிவு செங்கடலோரம் ஸூலாவில் இறங்கியது. சுமார் 13,000 படையினர், அதைப்போல் இரண்டு மடங்கு ஏவலாட்கள், 40,000-க்கு மேல் விலங்குகள். அவற்றுள் 44 யானைகள். கடற்கரையிலிருந்து மக்தலா கோட்டை ஏறத்தாழ 640 கிலோமீட்டர், வழி நெடுக மலை. 1868 ஏப்ரல் 10 அன்று ஆரோகேயில் சண்டை. 13 அன்று மக்தலா வீழ்ந்தது. தெவோத்ரோஸ் பிடிபடாமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

பதக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1869 மார்ச் 1 அன்று. 1867 அக்டோபர் 4 முதல் 1868 ஏப்ரல் 19 வரை அந்தப் படையெடுப்பில் பணியாற்றியவர்களுக்கு உரியது. மொத்தம் சுமார் 14,000 பதக்கங்கள். அதில் ஏறக்குறைய 2,000 கடற்படைக்குப் போனவை.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் ஜி, எச், கே ஆகிய மூன்று கம்பெனிகள் அபிசீனியா போயின. அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் ஹாரி பிரெண்டர்காஸ்ட். இவர் 1857-இல் காட்டிய வீரத்துக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர். 1885-இல் மாண்டலேவைப் பிடித்த படைக்கும் இவரே தலைவர். அந்தப் படைதான் இன்றைக்குப் பெங்களூரில் இருக்கும் மதராஸ் எஞ்சினியர் குரூப், ராணுவத்தில் செல்லமாகத் ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படுவோர். ‘அபிசீனியா’ அவர்களின் போர்ச் சிறப்புகளில் ஒன்று. ஆகவே தமிழ்நாட்டிலோ கோலார், பெங்களூர்ப் பக்கத்திலோ ஒரு பழைய குடும்பத்தில் இந்தப் பதக்கம் இருந்தால் வியப்பில்லை.

கையில் எடுப்பதற்கு முன்

மேசையில் மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கை நழுவினால் பதக்கம் துணியில் விழ வேண்டும், மொசைக் தரையில் அல்ல. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டு, நைட்ரைல் கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும், வேண்டாம். விளிம்பை இரண்டு விரலால் பிடியுங்கள். மேலே இருக்கும் கிரீடத்தையோ வளையத்தையோ பிடித்துத் தூக்காதீர்கள். 150 ஆண்டு வயதான இணைப்பு அது. அந்தக் கழுத்துப் பகுதி ஆடுவது இந்தப் பதக்கத்தில் அடிக்கடி காணும் பழுது.

ரிப்பன் பழையதாகத் தெரிந்தால் இப்போதைக்குக் கழற்றாதீர்கள். எப்படிக் கட்டியிருக்கிறது, எங்கே தைத்திருக்கிறது என்று முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இது அபிசீனியப் பதக்கம்தானா?

உருவத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அக்காலத்துப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் பொதுவாக 36 மில்லிமீட்டர் விட்டம். இது அவற்றைவிடச் சிறியது, 33 மில்லிமீட்டருக்குள் அடங்கும். முன்பக்கத்தின் மையத்தில் ஒரு சிறு வட்டம், அதற்குள் முக்காடும் சிறுமுடியும் அணிந்த விக்டோரியா இடப்பக்கம் பார்த்தபடி. அந்த வட்டத்தைச் சுற்றி ஒன்பது முனை நட்சத்திரம். இரண்டு முனைகளுக்கு இடையே ஓர் எழுத்தாக ஏ, பி, ஒய், எஸ், எஸ், ஐ, என், ஐ, ஏ என ஒன்பது எழுத்து சுற்றி வரும். ஒன்பது முனைக்கு ஒன்பது இடைவெளி, நாட்டின் பெயருக்கும் ஒன்பது எழுத்து. வடிவமைப்பில் ஓவன் ஜோன்ஸுக்குப் பங்குண்டு. அச்சு வெட்டியவர்கள் ஜோசப் வையன், ஆல்ஃபிரட் வையன்.

வட்டத்தின் உச்சியில் ஒரு கிரீடம், அதன் மேல் பெரிய வளையம். மற்றப் பதக்கங்களில் இருப்பதுபோல் ரிப்பன் கோக்கும் நேரான பட்டை இதில் கிடையாது. வளையத்துக்குள்ளேயே ரிப்பன் நுழையும். ரிப்பன் வெள்ளை நிறம், நடுவில் அகலமான கருஞ்சிவப்புப் பட்டை. அகலம் 38 மில்லிமீட்டர், அதாவது பதக்கத்தைவிட ரிப்பன் அகலம். வளையத்துக்குள் போகும்போது அது சுருங்கி மடிப்பு விழுவது இயல்பு. ‘சரியாகப் பொருந்தவில்லையே’ என்று நினைத்து ரிப்பனை ஓரம் வெட்டி மெல்லிதாக்கிவிடுவோர் உண்டு. வெட்டாதீர்கள்.

போர்க்களப் பெயர் பொறித்த குறுக்குப் பட்டை எதுவும் இந்தப் பதக்கத்துக்கு வழங்கப்படவில்லை. ‘மக்தலா’ என்று எழுதிய பட்டையோடு ஒன்று வந்தால் அந்தப் பட்டை பிற்பாடு யாரோ சேர்த்தது. பதக்கத்தில் ஆண்டும் கிடையாது.

இணையத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். ‘அபிசீனியா பதக்கம்’ என்று தட்டினால் 1935–36-இல் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாவைப் பிடித்தபோது கொடுத்த பதக்கங்களும் குவியும். அவை வேறு. பாதி அளவே உள்ள குட்டிப் பதக்கம் கிடைத்தால், அது விருந்து உடையில் குத்திக்கொள்ள அதிகாரிகள் தாமே வாங்கிய சிறு நகல். அதில் பெயர் இருக்காது; அதனால் போலி என்று ஒதுக்கவும் கூடாது.

பெயரைப் படிப்பது

இதற்கு அவசரமே ஆகாது. வேண்டியவை: கைபேசி, ஒரு சிறு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு கறுப்புத் துணி.

அறையை இருட்டாக்குங்கள். பதக்கத்தின் பின்பக்கத்தை மேலாகக் கறுப்புத் துணியில் வையுங்கள். கைபேசியை நேர் மேலே, அசையாமல், இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே பாலம்போல் நிறுத்துங்கள். பிளாஷ் கூடாது, பளபளப்புதான் பதிவாகும், எழுத்து மறைந்துவிடும். டார்ச்சை மேசையை ஒட்டினாற்போல் தாழப் பிடித்து, 10 முதல் 15 பாகை சாய்வில் ஒளியைப் பாய்ச்சுங்கள். எழுத்துகளுக்கு நீண்ட நிழல் விழும். ஒரு படம் எடுத்ததும் டார்ச்சைக் கால் வட்டம் நகர்த்தி அடுத்தது. நான்கு திசையிலிருந்து நான்கு படம். ஒரு படத்தில் ஒளிந்த கோடு இன்னொன்றில் தெரியும். மூன்றா எட்டா, ஐந்தா ஆறா என்ற சந்தேகம் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

படத்தைப் பார்க்கும்போது ஓர் ஏமாற்று நடக்கும். நம் கண் எப்போதும் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். டார்ச் கீழிருந்து அடித்த படத்தில் புடைத்த எழுத்து குழியாகவும் குழிந்த எழுத்து புடைப்பாகவும் தோன்றும். ஒளி மேலிருந்து விழுந்த படத்தை வைத்து மட்டுமே ‘புடைப்பு, குழி’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள். இந்தப் பதக்கத்தில் அந்தத் தீர்ப்புதான் முக்கியம்.

ஏனென்றால் பிரிட்டிஷ் படையினரின் பதக்கங்களில் பெயர் புடைப்பெழுத்து. இலைமாலை எப்படித் தளத்திலிருந்து எழுந்து நிற்கிறதோ அப்படியே பெயரும் எழுந்து நிற்கும். பெயர் பொறிக்க ஒவ்வொரு ஆளுக்கும் தனி அச்சு தேவைப்பட்டது. செலவு எகிறியது. பிறகு வந்த போர்ப் பதக்கங்களில் பழையபடி விளிம்புக்கே திரும்பிவிட்டார்கள். இந்தியப் படையினருக்குப் போனவற்றில் பலவும் இந்த வகை அல்ல. அதே நடுவட்டத்தில் எழுத்தை ஒவ்வொன்றாக அழுத்திக் குழியாகப் பதித்திருப்பார்கள். ஆகவே ‘புடைப்பெழுத்து இல்லையே, போலிதான்’ என்று ஒரு மதராஸ் சாப்பரின் பதக்கத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: உளியால் செதுக்கிய எழுத்து. அழுத்திப் பதித்த எழுத்தில் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும், கோட்டின் அடி தட்டையாக இருக்கும். செதுக்கிய எழுத்தில் கோடு மெல்லிதாகத் தொடங்கிப் பருத்து மறுபடி மெலியும், ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் மாறும். லூப்பில் பார்த்தால் உளி வழித்த பளபளப்பான பள்ளம் தெரியும். பிரிட்டிஷ் வீரர் பெயர் செதுக்கெழுத்தில் இருந்தால் கவனமாக இருங்கள்.

பெயரும் எண்ணும் என்ன சொல்கின்றன

வழக்கமாக எண், பெயர், படைப்பிரிவு என்று வரிவரியாக இருக்கும். மாலுமியானால் கப்பலின் பெயர் வரும். ஆக்டேவியா, டிரையட், சாட்டிலைட் முதலிய கப்பல்கள் இந்தப் படையெடுப்பில் இருந்தன. கடற்படையின் ராக்கெட் பிரிவு உள்நாட்டுக்குள் மக்தலா வரை போனது; அந்த ஆட்களின் பதக்கம் அரிது.

தரைப்படையில் 4, 26, 33, 45 ஆகிய காலாட்படை ரெஜிமென்ட்டுகளும் 3-ஆம் டிராகூன் கார்ட்ஸும் குறிப்பிடத்தக்கவை. மக்தலாவின் வாயிலைத் தகர்க்க வெடிமருந்து நேரத்துக்கு வந்து சேராதபோது சுவரேறிக் குதித்தது 33-ஆவது ரெஜிமென்ட். அதில் மைக்கேல் மாக்னர், ஜேம்ஸ் பெர்கின் இருவரும் விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். இந்தியப் பக்கம் 10, 12-ஆம் வங்கக் குதிரைப்படை, 23-ஆம் பஞ்சாப் பயனியர்ஸ், பம்பாய்க் காலாட்படைகள், பம்பாய், மதராஸ் சாப்பர்கள்.

படைப்பிரிவின் பெயரே ஒரு காலமானி. 1869-இல் வழங்கிய பதக்கத்தில் அன்றிருந்த பெயர்தான் இருக்க முடியும். பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகளுக்கு எண்ணை நீக்கி மாவட்டப் பெயர் சூட்டியது 1881-இல். எனவே எண்ணில்லாமல் வெறும் மாவட்டப் பெயரோடு வந்தால் அது பின்னால் பொறித்தது. மதராஸ் சாப்பர்களுக்கு ‘குயின்ஸ் ஓன்’ என்ற பட்டம் கிடைத்தது 1876-இல். அந்தச் சொல் பதக்கத்தில் இருந்தால் அதுவும் உடனே சந்தேகத்துக்கு உரியது. செதுக்கியவரின் கைவண்ணத்தில் ஏமாறலாம். இந்த ஆண்டுக் கணக்கில் ஏமாற வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார். முத்துசாமி ‘எம், ஓ, ஓ, டி, ஓ, ஓ’ என்று தொடங்கும். சாமி ‘எஸ், ஏ, டபிள்யூ, எம், ஒய்’ என்று முடியும். அதே ஆள் வேறு ஏட்டில் ஓர் ‘ஓ’ குறைந்தோ ஒரு ‘டி’ கூடியோ இருப்பார். தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் பதக்கத்தில் இல்லை. ஒரே கம்பெனியில் மூன்று முத்துசாமி இருக்கலாம். அதனால் மதராஸ் பதக்கத்தில் பெயரைவிட எண்ணையே நம்புங்கள். எண்ணும் கம்பெனி எழுத்தும் சேர்ந்தால்தான் ஆள் உறுதியாகும்.

பதக்கப் பட்டியலில் தேடுவது

யார் யாருக்குப் பதக்கம் உரியது என்று படைப்பிரிவுகள் பட்டியல் தயாரித்து அனுப்பின. இதற்கு மெடல் ரோல் என்று பெயர். எங்கே தேடுவது என்பது ஆளைப் பொறுத்தது.

பிரிட்டிஷ் தரைப்படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், டபிள்யூ.ஓ. 100 வரிசை. கடற்படை என்றால் அங்கேயே ஏ.டி.எம். 171 வரிசை. டபிள்யூ.ஓ. 100 பட்டியல்களை வம்சாவளி ஆய்வுத் தளங்கள் படமாக்கி வைத்திருக்கின்றன, கட்டணம் உண்டு. இந்தியப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், எல்/மில்/5 வரிசை. ஆங்கிலேய அதிகாரிகளின் விவரம் எளிதில் அகப்படும். சிப்பாய்களின் விவரம் அப்படியல்ல. பட்டியலில் இந்திய வீரர் பெயர் காணாததை மட்டும் வைத்துப் பதக்கத்தைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

சாப்பர் குடும்பத்தார் பெங்களூர் மதராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். கடிதத்தில் எண், பெயர் (பதக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே), கம்பெனி, நான்கு படங்கள் ஆகியவற்றை வையுங்கள். ‘என் கொள்ளுத்தாத்தா பட்டாளத்தில் இருந்தார்’ என்று மட்டும் எழுதினால் யாராலும் தேட முடியாது.

அசலா, மாற்றியதா, வார்ப்பா?

கெட்ட பதக்கம் மூன்று விதம். முதலாவது, அசல் பதக்கத்தில் பெயரை மட்டும் மாற்றியது. புடைப்பெழுத்தை வேறு பெயராக மாற்றுவது கடினம். இருப்பதைச் சுரண்டித் தட்டையாக்கிவிட்டுச் செதுக்க வேண்டும். சுரண்டினால் நடுவட்டம் தாழ்ந்துபோகும். ஒரு தபால் அட்டையின் நேரான ஓரத்தைப் பின்பக்கத்தின் மீது குறுக்கே நிற்க வைத்து, பின்னாலிருந்து ஒளி காட்டுங்கள். நடுவில் கிண்ணம்போல் வெளிச்சம் கசிந்தால் அங்கே உலோகம் போயிருக்கிறது. மாலையின் உள்பக்க இலை நுனிகள் வெளிப்பக்க நுனிகளைவிட மழுங்கியிருந்தாலும் அதே காரணம்.

இரண்டாவது, வார்ப்பு நகல். அசலை வைத்து அச்சு எடுத்து உருக்கி ஊற்றியது. வெள்ளி ஆறும்போது சுருங்கும், ஆகவே அசலைவிட அரை மில்லிமீட்டர் வரை விட்டம் குறையலாம். தளத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு துளைகள், விளிம்பில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம், நட்சத்திர முனைகளில் கூர்மை போய்ச் சோப்புக்கட்டிபோல் வழவழப்பு: இவை அடையாளம். காலிப்பரால் அளக்கும்போது எஃகுத் தாடை வெள்ளியில் கீறும். இரண்டு பக்கமும் ஒரு துண்டுத் தாள் வைத்து அளந்து, தாள் தடிப்பைக் கழியுங்கள். சாதாரண நகல் தாள் 0.1 மில்லிமீட்டர், இருபக்கமும் 0.2.

மூன்றாவது, பழுதுபார்த்தது. இதைப் போலியென்று சொல்ல மாட்டோம். ஆனால் விலைக்கு வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். பதக்கத்தை புரூச்சாக ஆக்கியவர்கள் ஊசி பற்றவைத்திருப்பார்கள். ஊசியை எடுத்தாலும் சாம்பல் நிறத் திட்டு இரண்டு மிஞ்சும். சங்கிலியில் கோத்து டாலராக அணிந்திருந்தால் வளையத்தின் உட்புறம் தேய்ந்து மெலிந்திருக்கும். கிரீடத்தின் அடியில் உலோக நிறம் மாறியிருந்தால் ஒரு காலத்தில் உடைந்து பத்தரிடம் போயிருக்கிறது.

வெள்ளிதானா என்று அறிய உரைகல்லும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். அடர்த்திச் சோதனை போதும். நகைத் தராசு, 0.01 கிராம் துல்லியம் உள்ளது, வேண்டும். ரிப்பனைக் கழற்றிவிட்டு உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் காய்ச்சி வடித்த நீரைத் தராசின் மேல் வைத்துச் சுழியம் ஆக்குங்கள். பதக்கத்தை மெல்லிய நைலான் இழையில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுக்க நீரில் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுங்கள். கணக்கைக் காட்ட ஓர் உதாரணம்: உலர்ந்த எடை 24.80, நீரில் 2.40 என்றால் விடை 10.33. ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். வெள்ளி முலாம் பூசிய பித்தளை 8.5-க்குப் பக்கமாகவும், செம்பு-நிக்கல் 8.9-ஆகவும் வரும்.

இதில் தவறு நேர்வது கிரீடத்தால்தான். அதன் வளைவுகளுக்குள் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொள்ளும். 0.10 கிராம் அளவுக்குக் குமிழ் இருந்தாலே மேலே சொன்ன 10.33 என்பது 9.92 ஆகிவிடும், நல்ல வெள்ளி கெட்ட வெள்ளியாகத் தெரியும். மெல்லிய தூரிகையால் குமிழை நீக்கிவிட்டு மூன்று முறை அளந்து பாருங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வெள்ளியிலேயே வார்த்த நகல் இந்தச் சோதனையில் தேறிவிடும். எழுத்தையும் விளிம்பையும் பார்த்த பிறகே தராசுக்கு வர வேண்டும்.

தேய்க்காதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் திருநீறு. குத்துவிளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் அது சரி. இந்தப் பதக்கத்துக்கு அதுதான் பெரிய எதிரி. திருநீறும் பற்பொடியும் நுண்ணிய அரம். துணியில் தொட்டுத் தேய்க்கும்போது உயரமாக நிற்பதில்தான் முதலில் படும். விளிம்பில் குழிவாகப் பெயர் இருக்கும் பதக்கம் நூறு முறை தேய்த்தாலும் பெயர் பிழைக்கும். இங்கே பெயரே உயரத்தில், நடுவில், விரல் அழுத்தம் சரியாக விழும் இடத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துலக்கிய பதக்கத்தில் ராணியின் மூக்கும் பெயரின் முதல் வரியும் போயிருக்கும். மாலை மட்டும் பளிச்சென்று இருக்கும்.

புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் வெள்ளி முக்கும் திரவம், அலுமினியத் தாளும் சோடாவும் போட்ட வெந்நீர், எதுவுமே வேண்டாம். கறுப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு, மிக மெல்லிய படலம். அது எழுத்தின் ஓரங்களில் தங்கி எழுத்தைப் படிக்க உதவுகிறது. கறுப்பை நீக்கினால் பளபளப்பு வரும், வாசிப்பு போய்விடும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். ரிப்பனைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் தூய அசிட்டோன் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி உருட்டி எடுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி. நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். நீரில் நனைத்திருந்தால் மென்மையான பருத்தித் துணியில் ஒற்றி, ஒரு நாள் உலரவிட்டு, அப்புறம் ரிப்பன்.

ரிப்பன்

பழைய பட்டு ரிப்பனைத் துவைக்காதீர்கள். கருஞ்சிவப்புச் சாயம் கரைந்து வெள்ளைக்குள் இறங்கிவிடும். இஸ்திரியும் கூடாது. நைந்துபோயிருந்தால் கழற்றி, அமிலமற்ற தாளில் மடிக்காமல் கிடத்தி, பதக்கத்தோடு அதே பெட்டியில் வையுங்கள். மாட்டி வைக்க 38 மில்லிமீட்டரில் புது ரிப்பன் 15 சென்டிமீட்டர் போதும். வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும்.

வைக்கும் இடம்

கடலோரக் காற்றுக்கும் மழைக்காலத்துக்கும் வெள்ளி தாங்காது. மிருதுவான பி.வி.சி. உறை காலப்போக்கில் அமில ஆவி விட்டு, உலோகத்தில் பச்சையான பிசுபிசுப்பை உண்டாக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலித்தீன் உறை நல்லது. ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றும் கந்தகம் விடுபவை, வெள்ளி கறுக்கும். பீரோவில் ரசகற்பூர உருண்டை போடும் அறையில் வேண்டாம். சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பதக்கத்தில் படாமல் பெட்டி மூலையில் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். வங்கி லாக்கர் திருட்டிலிருந்து காக்கும், ஈரத்திலிருந்து காக்காது. லாக்கரில் வைத்தாலும் இதே உறைதான்.

சட்டம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள். 1869-இல் கொடுத்த பதக்கம் அதற்குள் வரும். வீட்டில் வைத்திருப்பதற்குத் தடை இல்லை. ஆனால் தனியார் அதை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் சிறை உண்டு. வெளிநாட்டு ஏலக்காரர் நல்ல விலை சொன்னார் என்று கூரியரில் அனுப்பிவிட்டுச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். உள்நாட்டில் தொல்பொருள் வணிகம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். விற்பதானால் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் விசாரிப்பதே சரி.

பதக்கத்தோடு வேறு பொருள் வந்தால்

கடைசியாக ஒன்று, பலரும் தவறவிடுவது. மக்தலா வீழ்ந்ததும் அரண்மனையும் தேவாலயமும் சூறையாடப்பட்டன. சிலுவைகள், கிரீடங்கள், நூற்றுக்கணக்கான கையெழுத்துச் சுவடிகள். அவற்றைச் சுமக்க 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. வழியில் ஏலம் போட்டு, வந்த பணத்தைப் படையினருக்குப் பங்கிட்டார்கள். தெவோத்ரோஸின் மகன் அலெமாயெஹு ஏழு வயதில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1879-இல் அங்கேயே இறந்து வின்ட்சரில் புதைக்கப்பட்டான். பொருள்களை எத்தியோப்பியா இன்றும் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தெவோத்ரோஸின் தலைமுடிக் கற்றைகளை லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகம் 2019-இல் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே பதக்கம் இருந்த பெட்டியில் பின்னல் வேலைப்பாடுள்ள சிலுவையோ, அறிமுகமில்லாத எழுத்தில் சிவப்பும் கறுப்புமாக எழுதிய தோல் ஏடோ இருந்தால், அதைப் பதக்கத்தோடு சேர்த்து ‘செட்’ என்று விற்காதீர்கள், பிரிக்கவும் செய்யாதீர்கள். ஏட்டைப் புரட்ட வேண்டாம். பழைய தோல் ஏடு மடிப்பில் விண்டுவிடும். எப்படி இருந்ததோ அப்படியே படம் எடுத்து, அளவு, எடை, கிடந்த இடம், யார் வழியாக வீட்டுக்கு வந்தது என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் பதக்கத்தின் எண்ணையும் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு, முதலில் தொல்லியல் துறையிடமும் பிறகு எத்தியோப்பியத் தூதரகத்திடமும் கேளுங்கள். அந்த ஏடு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாகப் பதக்கத்தின் நடுவட்டத்தில் இருக்கும் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.